நாரைக் கொடியும் செம்புத் தொட்டியும்

ஸ்கால்னி ப்ரோத் என்ற ஊரில் இரண்டு வகை ஆட்கள்தான் உண்டு என்பார்கள்: ஆற்றில் விழுந்தவர்கள், இனி விழப்போகிறவர்கள். ரூஷெனா இரண்டிலும் சேராமலேயே ஐம்பத்தாறு வயதைத் தொட்டுவிட்டாள். இத்தனைக்கும் அவள் பிறந்த வீட்டின் சமையலறைச் சன்னலைத் திறந்தால் வல்தாவா ஆறு. குனிந்தால் கையை நனைக்கலாம். அவள் குனிந்ததில்லை. ஆறு ஊரைச் சுற்றி வளையம்போல வளைந்து ஓடுவதால் ரொட்டி வாங்கப் போவதென்றாலும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். ரூஷெனா பாலத்தின் நட்டநடுவில் நடப்பாள். எதிரே வண்டி வந்தால் வண்டிதான் ஒதுங்க வேண்டும்.

அவள் வேலை பார்த்த இடமோ ஆற்றுக்கு மேலே, செங்குத்தான பாறையில் உட்கார்ந்திருந்த கோட்டை. பத்தொன்பது வயதில் அங்கே சேர்ந்தபோது முதல் வேலை, வருகிறவர்களின் பூட்ஸுக்கு மேல் பெரிய கம்பளிச் செருப்புகளை மாட்டிவிடுவது. பழைய மரத்தரை தேயக் கூடாதே. எந்தப் படையும் அந்தக் கோட்டையைப் பிடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கம்பளிச் செருப்புக் கூட்டம் வந்து ஓசையில்லாமல் பிடித்துவிட்டுப் போனது. சில வருஷங்களில் ரூஷெனா செருப்பறையிலிருந்து வழிகாட்டியாக உயர்ந்தாள். அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் “தொடாதீங்க” என்பதுதான். திரையைத் தொடாதீங்க, நாற்காலியைத் தொடாதீங்க, அம்மா அது சுவர்தான், இருந்தாலும் தொடாதீங்க.

எல்லாவற்றையும்விட அதிகமாக அவள் தொடவிடாத பொருள், கீழ்த்தளச் சலவையறையில் இருந்த செம்புத் தொட்டி. நீள்வட்டம், இரண்டு ஆள் தாராளமாக உட்காரலாம். இளவரசி சலோமெனா குளித்த தொட்டி அது. தனக்கு முன்னால் இருந்த வழிகாட்டி ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போன செய்தியை ரூஷெனா வருஷத்துக்கு ஒரு வரியாக வளர்த்தாள். முதலில் வெந்நீர் வந்தது. பிறகு அதில் ரோஜா இதழ் விழுந்தது. பிறகு கதவுக்கு வெளியே ஒரு குதிரைவீரன் வந்து நின்றான். இளவரசி தலை துவட்டி முடிப்பதற்குள் அவன் போருக்குப் போய்விட்டான். இந்த இடத்தில் சுற்றுலாக் கூட்டத்தில் யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சுவார். ஊர்ப் பெண்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. கல்யாணத்தன்று காலையில் வந்து, ரூஷெனா வேறு பக்கம் பார்க்கும்போது, தொட்டியின் விளிம்பை ஒரு முறை தொட்டுவிட்டுப் போகலாம். ரூஷெனா நேரம் பார்த்து வேறு பக்கம் பார்ப்பாள்.

கோட்டைப் பொறுப்பாளர் டாக்டர் ப்ரோகோப் இந்தக் கதையை ஒரு நாளும் ஆமோதித்ததுமில்லை, மறுத்ததுமில்லை. அவர் சன்னல் கம்பிகளைப் பற்றி தடிமனான புத்தகம் எழுதியவர். சலவையறைப் பக்கம் கூட்டம் வந்தால் அவருக்குத் திடீரென்று வேறெங்கோ வேலை வந்துவிடும். இருவரும் அத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் “நீங்க” என்றுதான் பேசிக்கொண்டார்கள். “நீ”க்கு இறங்குவதானால், அந்த ஊர் வழக்கப்படி, யாராவது ஒருவர் கோப்பையைத் தூக்கி அழைக்க வேண்டும். அவர் மேலதிகாரி, அவர் அழைக்கட்டும் என்று இவள் இருந்தாள். இவள் பெண், இவள் அழைக்கட்டும் என்று அவர் இருந்தார். மரியாதை மிகுந்ததால் கோப்பை மேசையிலேயே இருந்தது.

ரூஷெனாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அதை அவள் தினமும் தலையை நிமிர்த்திப் பார்த்தாக வேண்டியிருந்தது.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை ஊரில் தொட்டிப் பந்தயம். ஒவ்வொரு பணியிடத்திலிருந்தும் இரண்டு பேர், தங்கள் இடத்துப் பொருளில் செய்த கலத்தில், தங்கள் வேலை உடையிலேயே ஆற்றில் இறங்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர்கள் மாவுத் தொட்டியில் வருவார்கள். பள்ளிக்கூடத்தார் கரும்பலகையில் வந்து வருஷம் தவறாமல் மூழ்குவார்கள். ஆளும் கலமும் ஒன்றையொன்று தொட்டபடி பழைய பாலத்துக்கடியில் முதலில் வந்தவர்களுக்குப் பரிசு ஒன்றுதான்: அடுத்த ஜூன் வரை அவர்களுடைய கொடி கோட்டைக் கோபுரத்தில் பறக்கும். பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னாலேயே யாரோ போட்ட விதி இது, யாரும் மாற்றத் துணியவில்லை. விளைவு, பல வருஷமாகக் கோட்டைக் கோபுரத்தில் பறந்தது பியர் ஆலையின் கொடி. மஞ்சள் துணியில் நுரை வழியும் கோப்பை, தூரத்து நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிது.

“இது கோட்டையா, பியர்க் கடையா?” என்று தினம் ஒரு சுற்றுலாக்காரராவது கேட்பார். ரூஷெனா புன்னகையோடு செருப்பை நீட்டுவாள். கோட்டையின் சொந்தச் சின்னம் வெள்ளி நாரை. பழைய நீலத் திரைச்சீலையில் அவள் தன் கையாலேயே தைத்த நாரைக் கொடி ஒன்று அலமாரியில் மடித்த மடிப்பு கலையாமல் கிடந்தது. கோட்டை ஒரு முறையாவது ஜெயித்தால் அல்லவா அதை வெளியே எடுக்க?

இந்த அவமானத்தில் இன்னொரு சிறப்பு, பியர் ஆலையின் பந்தயத் தலைவன் அவளுடைய புருஷன் மதோஷ்.

அந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். கோட்டைக்காக வழக்கமாகத் தோற்றுவந்த தோட்டக்காரன் விலேம், பியர் ஆலைக் கணக்கரின் மகளைக் கட்டிக்கொண்டு, வேலையையும் அங்கேயே மாற்றிக்கொண்டு போய்விட்டான். தோற்கக்கூட ஆளில்லை.

‘மூன்று கெண்டை’ மதுக்கடையில் ஒரு மாலை மதோஷ் மேசையைத் தட்டினான்.

“ஏம்மா ரூஷா, இந்த வருஷம் கோட்டைப் பக்கம் யாரு மிதக்கப்போறா? வெறும் செருப்பை மட்டும் விடுவீங்களா?”

“விடுவோம். அதுவே உன் பீப்பாயை முந்திரும்.”

“முந்தட்டும், முந்தட்டும். ஆனா செருப்புக்குள்ள கால் இருக்கணும்ல? கால் யாரோடது?”

“என்னோடது.”

கடைக்காரர் ஊற்றிக்கொண்டிருந்த பியரைப் பாதியில் நிறுத்தினார். அந்தக் கடையில் அப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

“யாரு, நீயா?” என்றான் மதோஷ். “உனக்குக் குளியலறையிலயே கால் நடுங்குமே!”

“அது நீ தரையைத் துடைக்காம வர்றதால.”

மேசை முழுவதும் சிரித்தது. விலேம்கூடச் சிரித்துவிட்டு, தான் இப்போது எந்தக் கட்சி என்று யோசித்து வாயை மூடினான். கடைக்காரர் சுண்ணக்கட்டியை எடுத்து, சுவர்ப் பலகையில் அன்றைய சூப்பின் பெயருக்குக் கீழே எழுதினார்: ‘கோட்டை: ரூஷெனா.’ அந்தப் பலகையில் ஏறியதை அழிக்கும் வழக்கம் கிடையாது. சூப்பை மட்டும்தான் அழிப்பார்கள்.

இரண்டாவது ஆளுக்காக மறுநாள் அவள் டாக்டர் ப்ரோகோப்பின் கதவைத் தட்டினாள்.

“டாக்டர், ஒரு சின்ன விஷயம்.”

“சொல்லுங்க, திருமதி ரூஷெனா.”

“நாம ரெண்டு பேரும் ஆத்துல போகணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எது விஷயமா?”

“கொடி விஷயமா.”

அவருடைய சன்னலிலிருந்து பார்த்தால் கோபுரம். அங்கே கோப்பை நுரைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ப்ரோகோப் அந்தச் சன்னலுக்குத் திரை போட்டு வெகுநாள் ஆகிறது. “எதுல போறது?” என்றார் மெதுவாக.

“இளவரசி தொட்டியில.”

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. செம்பின் மீதுள்ள அக்கறை என்று ரூஷெனா எடுத்துக்கொண்டாள்.

“திருமதி ரூஷெனா, இந்தக் கோட்டையில ஒவ்வொரு கரண்டிக்கும் அரசாங்கம் ஒரு எண் குடுத்திருக்கு. அந்தத் தொட்டிக்குக் குடுக்கலை. எண் இல்லாத பொருள் சட்டப்படி இங்க இல்லை.”

“அப்ப எடுத்துக்கலாமா?”

“இல்லாத பொருளுக்கு நான் எப்படிங்க அனுமதி குடுக்க முடியும்?” என்றவர் எழுந்து சன்னலருகே போனார். “ஆனா இல்லாத ஒண்ணு காணாமப் போனா, நான் எப்படிங்க கண்டுபிடிக்க முடியும்?”

“டாக்டர்!”

“ஒரே ஒரு வேண்டுகோள். என்ன ஆனாலும் அது கவிழக் கூடாது.”

“கவிழுமா? நான்தான் இருக்கேனே.” நீச்சல் தெரியாத ஒருத்தி இதைச் சொன்ன உறுதியைக் கேட்டு அவர் தைரியம் கொண்டது, அவருடைய படிப்பைப் பற்றிச் சந்தேகம் கிளப்பக்கூடிய விஷயம்.

பந்தய நாள் மதியம் மதோஷ் அவளுக்கு ஆசையாகத் தட்டு வைத்தான். காடியில் ஊறிய கொழுத்த சாசேஜ் இரண்டு, மேலே வெங்காயம். அந்தப் பண்டத்துக்கு ஊரில் வழங்கும் பெயர் ‘மூழ்கிச் செத்தவன்’.

“சாப்பிடு ரூஷா. இனிமே எப்ப சாப்பிடப்போறியோ.”

ரூஷெனா இரண்டையும் சாப்பிட்டாள். தட்டில் ரொட்டியைத் துடைத்து அதையும் சாப்பிட்டாள். “உன் பங்கையும் நானே முடிச்சுட்டேன். வெறும் வயித்தோட தோக்குறது ஒடம்புக்கு நல்லது.” சொல்லிவிட்டு எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்து நின்று, அலமாரியிலிருந்து நீலத் துணியை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

மேல் புல்வெளியில் ஊரே திரண்டிருந்தது. நகரத் தலைவி ஹெத்விகா ஒலிபெருக்கியோடு பெஞ்சின் மேல் நின்றாள். அவள் தொழில் பல் மருத்துவம். ஊரில் எல்லோரும் அவள் முன்னால் வாயைத் திறந்தவர்கள், ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை. பியர் ஆலையின் கலம் ஆறு பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், நடுவில் வேலை செய்யும் பியர்க் குழாய். மதோஷும் விலேமும் தோல் ஏப்ரனோடு அதில் ஏறி நின்று கைகாட்டினார்கள். அப்புறம்தான் வண்டியிலிருந்து செம்புத் தொட்டி இறங்கியது.

“ஏய், அது இளவரசி தொட்டிடி!” என்று ஒரு பெண் கத்தினாள்.

“தொடாதீங்க!” என்று கூட்டம் ஒரே குரலில் பாடியது.

ரூஷெனா வேலை உடையில் இருந்தாள்: கறுப்புப் பாவாடை, பெயர் பொறித்த வில்லை, மேலே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், காலில் கம்பளிச் செருப்பு. டாக்டர் ப்ரோகோப் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அதே செருப்போடு, ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவரைப்போலத் தொட்டிக்குள் கால் வைத்தார். அடுத்தது அவள் கால். தொட்டி ஆடியது. அடியில் தண்ணீர், நடுவில் ஒரு நகத் தடிமன் செம்பு, மேலே அவள்! அவ்வளவு பக்கத்தில் அவள் ஆற்றை வைத்துக்கொண்டதில்லை.

“அஹோய்!” என்றாள் ஹெத்விகா.

“அஹோய்!” என்று ஊர் முழங்கியது. கடலே இல்லாத நாடு. ஆனாலும் ஆற்றில் கால் வைத்துவிட்டால் எல்லோரும் மாலுமிகள்தான். அப்படித்தான் கூவிக்கொள்வார்கள். தண்ணீரில் இருக்கும் வரை யாரும் யாருக்கும் “நீங்க” கிடையாது. அமைச்சரே தெப்பத்தில் வந்தாலும் “நீ”தான்.

துப்பாக்கி வெடித்தது. பியர்த் தெப்பம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் புறப்பட்டது. தொட்டி நேராகப் போக மறுத்து, நின்ற இடத்திலேயே சுற்றியது.

“திருமதி ரூஷெனா, நீங்க வலது பக்கம் துடுப்புப் போடணும்.”

“போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், டாக்டர்!”

“அது என்னோட வலது. உங்களோட வலது அந்தப் பக்கம்.”

எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தொட்டி அப்படித்தான் உட்கார விட்டது. ஆகவே ஒருவர் முன்னேற்றியதை மற்றவர் பின்னேற்றினார். கரையில் சிரிப்பு புரண்டது. பியர்த் தெப்பம் அதற்குள் வளைவைத் தாண்டி மறைந்தது. மதோஷின் குரல் மட்டும் தண்ணீர்மேல் வந்தது: “ரூஷா! ராத்திரி சாப்பாட்டுக்குள்ள வந்துரு!”

ஊர்க்காரர்கள் அப்போதே கலைந்து, சதுக்கத்தின் வழியாகக் குறுக்கே நடந்து பழைய பாலத்துக்குக் கிளம்பினார்கள். ஆறு ஊரைச் சுற்றி வந்து சேர்வதற்குள் ஒரு பியர் குடித்து, ஒரு சண்டை போட்டு, நல்ல இடமும் பிடித்துவிடலாம்.

தொட்டி தன் மனம்போலச் சுற்றிச் சுற்றி நடு நீரோட்டத்துக்கு வந்தது. வந்ததும் நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. மெதுவாகத்தான் தொடங்கியது. பிறகு மெதுவாக இல்லை. செருப்பு இரண்டும் தண்ணீர் குடித்துப் பூனைக்குட்டிகளாகக் கனத்தன. ரூஷெனா கண்ணை இறுக மூடியிருந்தாள். காற்று குளிர்ந்தபோது திறந்தாள்.

மேலே கோட்டை.

பாறை ஆற்றிலிருந்து நேராக எழுந்தது, பாறையிலிருந்து சுவர், சுவரிலிருந்து கோபுரம். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. அத்தனை வருஷம் அதன் வயிற்றுக்குள் நடந்து, அதன் ஒவ்வொரு நாற்காலியையும் அறிமுகம் செய்தவள் அவள். முகத்தை இப்போதுதான் பார்த்தாள். தொட்டி சுற்றியது. கோட்டையும் அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. “ஐயோ!” என்று கத்தினாள். பயத்தில் இல்லை. “டாக்டர், நம்ம வீடு எவ்வளவு பெரிசு பாருங்க!”

“மூன்றாம் சன்னல் கம்பி துருப்பிடிச்சிருக்குங்க,” என்றார் அவர். அவர் கண்களும் ஈரமாகத்தான் இருந்தன.

அடுத்த வளைவில் பழைய மில். அதன் கரையில் ஒரு பெட்டிக்கடை. ஆற்றில் வருகிறவன் எவனும் அங்கே நிறுத்தி ஒரு மடக்குக் குடிக்காமல் போக மாட்டான். பந்தயத்திலும் பியர் ஆலைக்காரர்கள் அந்த வழக்கத்தை விட்டதில்லை. அவ்வளவு தூரம் முந்தியிருக்கிறோம் என்று காட்டுவதற்காகவே தெப்பத்தைக் கட்டிவிட்டு, கரையில் சாய்ந்து, நிதானமாக ஒன்று குடிப்பார்கள். தங்கள் குழாயில் பியர் வந்தாலும் அங்கே ரம்தான். இப்போதும் மதோஷ் கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து, கோப்பையைக் கையில் வைத்து நின்றான். தொட்டி வளைவில் தோன்றியதும் கோப்பையைத் தூக்கினான்.

“வா ரூஷா! அஹோய்! வந்து ஒண்ணு போடு! விதி இருக்கு, இங்க நிறுத்தாம யாரும் போகக் கூடாது!”

“எனக்கும் ஆசைதான்!” என்று கத்தினாள் ரூஷெனா. “இது நிக்க மாட்டேங்குது!”

அதுதான் உண்மை. நிறுத்தத் தெரிந்திருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். வழக்கத்தை மதிக்கிறவள். தொட்டி அப்படியே பின்பக்கமாக, அவளைக் கையாட்ட வைத்தபடி, பியர் ஆலையைக் கடந்து போனது. மதோஷின் வாய் ஒரு கணம் திறந்தபடியே இருந்தது. பிறகு கோப்பை பறந்தது. “அவுறுடா கயித்தை! விலேம், அவுறுடா!”

“முடிச்சு இறுகிப்போச்சு!”

“யாரு போட்ட முடிச்சு?”

“நீங்கதான்!”

பாலத்தில் நின்றவர்கள் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பாலத்துக்குச் சற்று முன்னால் இருந்த தடுப்பணைக்கு மேல் முதலில் மினுங்கியது பீப்பாய் இல்லை, செம்பு. பாலம் அலறியது.

தடுப்பணையின் நடுவில் மரச்சறுக்கு ஒன்று உண்டு, படகுகள் அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். தவறவிட்டால் அணைமேல் மாட்டிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருக்கலாம். சறுக்கு தொட்டிக்கு வலப்பக்கம் இருந்தது, தொட்டியோ இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பீப்பாய்கள் இடித்துக்கொள்ளும் ஓசை நெருங்கியது.

“திருமதி ரூஷெனா, தாங்கள் தயவுசெய்து…”

“யோவ் ப்ரோகோப்!” என்று கத்தினாள் ரூஷெனா. “துடுப்பை அந்தப் பக்கம் குத்துயா! உன் பக்கம்! குத்து!”

அத்தனை வருஷ மரியாதை அணையில் விழுந்து அடித்துக்கொண்டு போயிற்று. டாக்டர் ப்ரோகோப்பின் முகம் சிவந்தது. பிறகு பளிச்சென்று மலர்ந்தது. “குத்துறேன்டி! நீ பிடிச்சுக்கோ!” என்று கத்தி, சன்னல் கம்பிகளைப் பற்றி எழுதிய கையால் துடுப்பை அணைச்சுவரில் ஓங்கிக் குத்தினார். துடுப்பு முறிந்தது. தொட்டி திரும்பியது. சறுக்கின் வாய் அவர்களை விழுங்கியது.

மரப்பலகைமேல் செம்பு உராய்ந்த சத்தம் கோட்டைவரை கேட்டதாம். ரூஷெனாவுக்கு எதுவும் கேட்கவில்லை. வானம், தண்ணீர், வானம், ப்ரோகோப்பின் கழுத்துப்பட்டை, தண்ணீர். சறுக்கின் அடியில் தொட்டி துள்ளியது, குப்புற விழுந்தது, அவளும் விழுந்தாள். ஐம்பத்தாறு வருஷம் காத்திருந்த ஆறு அவள் வாய்க்குள் நுழைந்து பார்த்துவிட்டு வெளியேறியது. ஜாக்கெட் அவளை மேலே தூக்கியது. கை எதையோ பிடித்திருந்தது. கவிழ்ந்த தொட்டியின் விளிம்பு. மறுபக்க விளிம்பில் டாக்டர் தொங்கினார்.

“விட்டுறாத!” என்றார் அவர்.

“நீயும் விட்டுறாத!”

கவிழ்ந்த தொட்டி ஒரு பெரிய ஆமையைப்போலப் பாலத்துக்கடியில் நுழைந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பேர், தொட்டபடி. பின்னால் ஒரு பீப்பாய் நீளத்தில் மதோஷ்.

பாலத்தின் மேலிருந்து தொப்பிகள் பறந்தன. யாரோ யாரையோ கட்டிப் பிடித்தார்கள், பிறகு அது யாரென்று பார்த்து விட்டுவிட்டார்கள். ரூஷெனா இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றாள். அவள் ஆற்றில் நிற்கிறாள்! ஒற்றைச் செருப்பு அவளைத் தாண்டி ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. ரவிக்கைக்குள் கைவிட்டு ஈரக் கொடியை உருவப் போனவள், கூட்டம் சட்டென்று அமைதியானதைக் கேட்டாள்.

எல்லோரும் தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார்கள். பலகாலக் கறுப்பு மரச்சறுக்கில் தேய்ந்து போய், அடிச்செம்பு புதுக் காசாக மின்னியது. அதன் நடுவில் தட்டு அளவுக்கு ஒரு முத்திரை, சுற்றிலும் பழைய எழுத்து. நுரை வழியும் கோப்பை.

தெப்பத்திலிருந்து மதோஷ் எட்டிப் பார்த்தான். எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தான்: “பியர்… ஆறவைக்கும்… தொட்டி.” பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ரூஷா! உன் இளவரசி எங்க பியர்லயா குளிச்சா? ஹெத்விகா, பாத்துக்கோ! கலம் பியர் ஆலையோடது. எங்க கலம் முதல்ல வந்துச்சு. கொடி எங்களுக்கு!”

ரூஷெனா டாக்டர் பக்கம் திரும்பினாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“வந்த முதல் வாரமே அடியில கைவிட்டுத் தடவிப் பாத்தேன்.”

“தொட்டுட்டியா?” என்றாள் அவள், எல்லாவற்றையும் மறந்து.

“மன்னிச்சுக்கோ.”

“ஏன்யா சொல்லலை?”

“சொல்ற அளவுக்கு நமக்குள்ள பழக்கம் இல்லையே,” என்றார் டாக்டர் ப்ரோகோப் பரிதாபமாக. “அதோட, அந்தக் குதிரைவீரன் கதை… கதவுக்கு வெளிய நின்னு தினமும் நானும் கேப்பேன்.”

ஹெத்விகா தண்ணீரோரம் வந்து நின்றாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதி. “ரூஷெனா, நீ சொல்லு. இது யாரு தொட்டி? இளவரசி குளிச்சதா, பியர் ஆறவச்சதா?”

இளவரசி தொட்டி என்று சொன்னால், அந்த முத்திரைக்கு முன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை, கொடி போயிற்று. பியர்த் தொட்டி என்று சொன்னால் ரோஜா இதழ் போயிற்று, குதிரைவீரன் போயிற்று, அவள் வருஷத்துக்கு ஒரு வரியாகக் கட்டிய எல்லாமே ஊர் முழுக்கப் பார்க்க ஆற்றோடு போயிற்று. அப்படிச் சொன்ன பிறகும் கொடி கிடைக்குமா என்று தெரியாது. அவள் முத்திரையை இன்னொரு முறை பார்த்தாள். குனிந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஆற்றை நோக்கிக் குனிந்தாள்.

“இளவரசி சலோமெனா இதுல குளிக்கலை,” என்றாள் ரூஷெனா.

பாலத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெண்கள் குரல்தான் அதிகம்.

“பியர்த் தொட்டிதான். ஆனா கோப்பை மேல என்ன நிக்குதுன்னு யாராவது பாத்தீங்களா? விளிம்புல, ஒத்தக் கால்ல?”

மதோஷ் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“சொல்லுய்யா, பறவை பேரு மறந்துபோச்சா?”

“நாரை,” என்றான் மதோஷ் வேண்டாவெறுப்பாக.

“நாரை யாரு சின்னம்? அன்னைக்குப் பியர் காய்ச்சினது கோட்டைப் பிரபு. தொட்டி அவரோடது, பியரும் அவரோடது, உன் ஆலையே அவரு வீட்டு அடுப்படி! உன் பாட்டில் லேபிள்ல என்ன போட்டிருக்கு? ‘பிரபு காலத்திலிருந்து’ன்னு பெருமையாப் போட்டிருக்கீங்கல்ல? தினமும் கையில வச்சிருக்கியே, ஒரு நாளாவது வாசிச்சியா?”

“நான் அதைத் திறக்கத்தான் எடுப்பேன்,” என்றான் மதோஷ்.

பாலம் குலுங்கியது. ஹெத்விகா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப என் கல்யாணத்தன்னைக்குக் காலையில நான் வந்து தொட்டது, பியர்த் தொட்டியை?”

“ஆமா, ஹெத்விகா.”

நகரத் தலைவி திரும்பி, கரையில் கோப்பையோடு நின்ற தன் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அதான் இவரு இப்படி இருக்காரு,” என்றாள். பிறகு நிமிர்ந்தாள். “பொருள் கோட்டையோடது, ஆளு கோட்டையோடது, தொட்டபடிதான் வந்தாங்க. கொடி கோட்டைக்கு!”

அந்தச் சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பிப் போய் அன்று முழுவதும் திரும்பவில்லை. மதோஷ் தெப்பத்திலிருந்து குதித்து, தண்ணீரில் நடந்து வந்து, அவளைத் தூக்கினான். “கீழ விடுய்யா, நான் எதிரி!” என்றாள். “எதிரி ரொம்ப ஊறிக் கனத்துப்போயிருக்கா,” என்றான். பந்தயத்தில் அவன் எந்த ரம்முக்காகத் தோற்றானோ, அந்த ரம்மை அவளுக்கு முதல் மடக்குக் கொடுத்தான்.

திங்கட்கிழமை தொட்டி மறுபடி சலவையறைக்கு வந்தது, இம்முறை முத்திரை தெரியக் குப்புற. ரூஷெனா கூட்டத்திடம் உண்மையை உண்மையாகவே சொன்னாள். ஒருவரும் மூக்கை உறிஞ்சவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் வலித்தது. புதன்கிழமை பல் மருத்துவமனை உதவியாளர் பெண் கல்யாண உடையில் ஓடி வந்தாள்.

“அதான் பொய்னு சொல்லிட்டேனேம்மா.”

“சொன்னீங்க. அதனாலென்ன? நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்களேன்.”

ரூஷெனா அந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் டாக்டர் ப்ரோகோப் நின்றிருந்தார். கால் காய்ந்துவிட்டதால் மீண்டும் “வணக்கம், திருமதி ரூஷெனா, நீங்க நலமா?” என்றார். ஆனால் கையில் இரண்டு சின்னக் கோப்பைகளும் ஒரு பாட்டிலும் இருந்தன. யார் முதலில் அழைப்பது என்று இருவரும் சற்று நேரம் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே கோபுரத்தில் நாரை ஏறியிருந்தது. உண்மையைச் சொல்வதென்றால் திரைச்சீலைத் துணி போதவில்லை. பெரிய மஞ்சள் கோப்பை பறந்த இடத்தில் அது கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிந்தது. நனைந்ததில் சாயமும் கொஞ்சம் போயிருந்தது. அன்று மாலை கீழே பாலத்தில் அவளோடு நடந்துவந்த மதோஷ் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தான்.

“என்ன ரூஷா, கோபுரத்துல துணி காயப்போட்டிருக்க?”

ரூஷெனா பாலத்தின் ஓரத்துக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிமிர்ந்தாள்.

“ஆமாய்யா,” என்றாள். “ஒரு வருஷம் காயும்.”